பெற்றோருடன் ஒஸ்லோவில் மூன்று நாட்கள்

தம்பி, ஜூன் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள், ட்ரொண்ட்ஹெய்முக்கு அழைத்துப்போகுமுன் மூன்று நாட்கள் ஒஸ்லோவைக் காட்ட வேண்டும், பட்டியல் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பதினொரு இடங்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதியை வெட்டிவிடுங்கள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் போதும். முதல் வரியில் இருக்கும் வைகிங் கப்பல் அருங்காட்சியகம் விரிவாக்கப் பணிக்காக மூடியிருக்கிறது, 2027இல்தான் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள்.

அருங்காட்சியக நுழைவும் நகரப் பயணமும் அடங்கிய ஒஸ்லோ பாஸும் வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு அருங்காட்சியகம் ஏறி இறங்குபவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். உங்கள் பெற்றோர் எந்த விலையைக் கண்டாலும் மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பார்கள். அதன் பிறகு சாப்பாடு தொண்டையில் இறங்காது. நல்லவேளையாக, இந்த நகரத்தின் சிறந்த இடங்கள் பலவற்றுக்கு டிக்கெட்டே இல்லை.

முதலில் விகெலாண்ட் பூங்கா. 12ஆம் எண் டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். குஸ்தாவ் விகெலாண்டின் சிற்பங்கள் 200க்கும் மேல் இருக்கின்றன. நடுவில் நிற்கும் தூணில் ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள். மூன்று கல்தச்சர்கள் ஏறக்குறைய 14 ஆண்டுகள் செதுக்கியது. கோயில் கல்வேலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை விட்டு எளிதில் நகரமாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள், உட்கார இடம் நிறைய உண்டு.

மறுநாள் நகரமண்டபம். 1990 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்படுவது அங்கேதான். இலங்கையில் நோர்வே நடுநின்று செய்துவைத்த 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக் காலத்தில் அந்த நாட்டின் பெயரை நாள்தோறும் செய்தியில் கேட்டவர்கள் உங்கள் பெற்றோர். அந்த மண்டபத்தில் நிற்கும்போது அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், கேளுங்கள். பிறகு அருகிலுள்ள துறையிலிருந்து ஹூவெடொயா தீவுக்குப் படகு. பஸ், டிராம் டிக்கெட்டே அதற்கும் செல்லும். 1147இல் நிறுவிய துறவிமடத்தின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன. வெயில் அடித்தாலும் கடற்காற்று குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒபரா மாளிகையின் கூரைமேல் நடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சரிவான பளிங்குத் தளம், மழை பெய்தால் வழுக்கும். அம்மாவைப் பக்கத்திலேயே உள்ள டைக்மான் நூலகத்தில் கண்ணாடிச் சுவர் ஓரமாக அமரவைத்துவிட்டு நீங்களும் அப்பாவும் ஏறுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வழக்கமான ரயில் போதும்: விரைவு ரயிலைவிடச் சில நிமிடங்களே கூடுதல், கட்டணம் ஏறக்குறையப் பாதி. நகருக்குள் பஸ், டிராமுக்கு ரூட்டர் (Ruter) என்ற போக்குவரத்து நிறுவனத்தின் செயலியில் டிக்கெட் எடுங்கள். 67 வயதானவர்களுக்குச் சலுகை உண்டு. தடுப்புக் கதவு எதுவும் இல்லை என்று டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடாதீர்கள், பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமையானது.

சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடிவிடும் என்பதால் கறிவேப்பிலை, காய்கறியை எல்லாம் சனிக்கிழமையே நகரின் குரொன்லாண்ட் பகுதிக் கடைகளில் வாங்கி வைத்துவிடுங்கள். ஜன்னல் திரை தடிப்பாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த நாட்களில் சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் ஆகிவிடும், காலை நான்குக்கு முன்னரே மீண்டும் உதிக்கும். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் மறுநாள் பயணமும் கெடும். மாத்திரைகளையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கைப்பையில் வையுங்கள். அவசர மருத்துவத்துக்கு 113. அவ்வளவு அவசரமில்லாத இரவுநேரக் காய்ச்சலுக்கு 116117.

அப்பாவுக்கு எதில் விருப்பம் என்று எழுதவில்லையே. கப்பல், கடல் என்றால் மூன்றாம் நாள் 30ஆம் எண் பஸ்ஸில் பிக்டொய் தீபகற்பத்துக்குப் போய் ஃபிராம் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவை அண்டார்டிக்காவுக்குக் கொண்டுசென்ற கப்பல் முழுதாக உள்ளே நிற்கிறது. மேல்தளத்திலும் ஏறலாம், மாலுமிகள் உறங்கிய அறைகளுக்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம்.