பசுமைக்குடில் வெக்கை: கேள்வி-பதில்

ஐயா, குடிலுக்குள் மதியம் 46 டிகிரி காட்டுகிறது. என்ன செய்யலாம்? (நெல்லிக்குப்பம்)

தெர்மாமீட்டர் எங்கே தொங்குகிறது? வெயிலில் தொங்கினால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். செடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமாகக் கட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஈரப்பதத்தையும் குறிப்பிடுங்கள். அது இல்லாமல் வெறும் டிகிரியை எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வெள்ளரி போடப் போகிறேன். ஓசூரில் பார்த்த மாதிரி ஃபேன்-பேட் (நனைந்த அட்டை வழியே விசிறியால் காற்றை இழுத்துக் குளிர்விப்பது) வைக்கலாமா? (பாகூர்)

வேண்டாம். மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார், அதுவும் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகு. பேடில் தண்ணீர் ஆவியானால்தான் காற்று குளிரும். வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் சுமார் பத்து டிகிரி இறங்கும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 என்றால் நாலு டிகிரி இறங்கினாலே பெரிது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோடையில் அங்கே காற்று வறண்டு கிடக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் நமக்கோ கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கரண்ட் பில் கட்டி, ஈரக்காற்றை மேலும் ஈரமாக்கி, நோயை விலைக்கு வாங்குவானேன்? விற்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். இயற்கைக் காற்றோட்டக் குடிலே போடுங்கள். நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் மதியத்துக்கு மேல் கிழக்கே இருந்து வரும் கடல்காற்று பக்கவாட்டில் நுழைந்து முகட்டுத் திறப்பு வழியாகச் சூட்டோடு வெளியேறும். திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் கால்வாசியாவது வேண்டும். பூச்சிவலை கட்டினால் இன்னும் கூடுதலாக விடுங்கள். வலையில் தூசி அடைந்தால் காற்று நின்றுபோகும், அவ்வப்போது கழுவுங்கள்.

தக்காளிக்கு 75 சதவீத நிழல்வலை? (குறிஞ்சிப்பாடி)

கூடாது. முக்கால்வாசி வெயிலை அது மறைத்துவிடும். செடி நெடுநெடுவென வளரும், காய்க்காது. 35 போதும், சித்திரை வெயிலுக்கு 50. ஐப்பசி மழை பிடித்ததும் கழற்றிவிடுங்கள்.

காலையில் இலையெல்லாம் நனைந்திருக்கிறது, மஞ்சள் திட்டு வேறு. ஃபாகர் (புகைபோல நுண்துளியாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) மாலை ஆறு மணிக்குப் போடுகிறேன். (வில்லியனூர்)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். நாலு மணிக்கு மேல் ஃபாகர் கூடாது என்று எத்தனை முறை எழுதுவது! இருட்டுவதற்குள் இலை காய்ந்தாக வேண்டும். மார்கழிப் பனிக்குப் பயந்து பக்கத்திரையை முழுசாக இறக்காதீர்கள், ஓரடி திறந்திருக்கட்டும். அப்புறம், ஈரப்பதம் எவ்வளவு என்று நீங்களும் எழுதவில்லை.

புயல் எச்சரிக்கை வந்தால் திறப்பதா, மூடுவதா? (காலாப்பட்டு)

இறுக்கி மூடுங்கள். காற்று உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும். 2011 ‘தானே’ புயல், 2024 ‘ஃபெஞ்சல்’ புயல் மாதிரி நம் கரையிலேயே ஏறும் என்றால் கூரை பிளாஸ்டிக் ஷீட்டை அறுத்துவிடத் தயங்காதீர்கள். கம்பிச்சட்டம் மிஞ்சினால் போதும், ஷீட் மறுபடி வாங்கலாம்.