மாமரக் கவாத்தும் இலைக்குக் கிடைக்கும் வெயிலும்: கேள்வி பதில்

கேள்வி (கிருஷ்ணகிரி மா விவசாயி): ஐயா, எங்கள் பெங்களூரா ரக மாமரங்களுக்கு 20 வயதாகிறது. கிளைகள் பின்னிக்கொண்டு உச்சியில் மட்டுமே காய்க்கின்றன. கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிச் சீர்ப்படுத்தினால், இலை குறைந்து மரத்தின் உணவும் குறைந்துவிடாதா?

பதில்: சில மாதங்களுக்குக் குறையத்தான் செய்யும்; அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், நண்பகல் வெயிலில் பாதி கிடைப்பதற்கு முன்பே பெரும்பாலான பழமர இலைகளின் ஒளிச்சேர்க்கை உச்சத்தை நெருங்கிவிடுகிறது. உச்சி இலைகள் மிஞ்சிய ஒளியைப் பயன்படுத்த இயலாமல் வெப்பமாக வெளியேற்றிக்கொண்டிருக்க, அவற்றுக்கு ஒரு முழம் கீழே உள்ள இலைகளோ ஒளியின்றி வாடுகின்றன. நடுவில் உள்ள ஓரிரண்டு நிமிர்ந்த கிளைகளை அடியோடு எடுத்து மரத்தின் நெஞ்சைத் திறந்துவிட்டால், அதே வெயில் பல இலைகளுக்குப் பகிர்ந்து கிடைக்கும். எஞ்சிய ஒவ்வோர் இலைக்கும் வேரிலிருந்து வரும் நீரும் தழைச்சத்தும் கூடுவதால், அதன் வேலைத்திறனும் உயரும். நுனிகளை மட்டும் சீராகக் கத்தரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெட்டிய இடங்களில் துளிர்கள் நெருங்கிக் கிளைத்து, கூரை வேய்ந்தது போல மேலும் அடர்ந்துவிடும்.

கேள்வி (வேளாண் மாணவி): நிழலில் உள்ள இலைகள், மற்ற இலைகள் தயாரித்த சர்க்கரையைத் தின்று வாழும் ஒட்டுண்ணிகள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: பரவலாக நம்பப்படுவதுதான், ஆனால் சரியன்று. பிறரிடமிருந்து சர்க்கரை பெறுவது இளந்தளிர் மட்டுமே. முற்றிய இலைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதன்பின் அது ஏற்றுமதி செய்யுமே தவிர இறக்குமதி செய்யாது. தன் சுவாசத்துக்குத் தேவையான அளவுகூட ஒளி கிடைக்காதபோது அது மெல்லப் பழுத்து உதிர்ந்துவிடுகிறது. உட்கிளைகள் மொட்டையாக நிற்பது இதனால்தான். ஆகவே நிழல் இலை திருடனல்ல, வேலை கிடைக்காத கூலியாள்.

கேள்வி (திண்டுக்கல்): எந்த மாதத்தில் கவாத்து செய்யலாம்?

பதில்: அறுவடை முடிந்தவுடன், ஜூலை, ஆகஸ்டில். செம்பு நிறத்தில் வரும் மாந்தளிர் கரும்பச்சையாக மாறும் வரை மரத்துக்குச் செலவுதான், வரவு இல்லை. அந்தக் கிளை முதிர்ந்து மாவுச்சத்தைச் சேமித்தால்தான் டிசம்பர், ஜனவரியில் பூக்கும். அக்டோபருக்குப் பின் வெட்டினால் அவ்வாண்டு பூவை இழக்க நேரிடலாம். கொய்யா அப்படியன்று; புதுத் துளிரிலேயே பூப்பதால், எப்போது வெட்டுகிறோம் என்பதைக் கொண்டே பருவத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (சேலம்): சென்ற ஆண்டு பலமாக வெட்டினோம். மிச்சமிருந்த இலைகள் வெளுத்துக் கருகின, கிளைப்பட்டையும் வெடித்தது. நோயா?

பதில்: தாங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வெயில் தாக்கமாகவே தோன்றுகிறது. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. குறைந்த ஒளியைச் சேகரிக்கவே அமைந்தது. திடீரென முழு வெயில் பட்டால், பயன்படுத்த முடியாத ஒளியாற்றலே அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பைச் சிதைக்கிறது. அந்த இலைகள் போனாலும் பின்னால் வரும் துளிர்கள் வெயிலுக்கேற்பத் தடிப்பாகவே உருவாகும். பட்டை அவ்வாறு விரைவில் தேறாது என்பதால், இனி வெட்டும்போது வெளிப்படும் பெருங்கிளைகளுக்கு உடனே சுண்ணாம்புக் கரைசல் பூசி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவுங்கள். முதிர்ந்த மரமாயின் வேலையை இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, மேற்கு வெயில் படும் பக்கத்தைக் கடைசியில் திறப்பது நல்லது.