அழகுக்கான அறுவை சிகிச்சை: மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு தளர்ந்துபோன வயிற்றுத் தோலை அறுவை சிகிச்சை மூலம் சரிசெய்துகொள்ள முடிவு செய்திருக்கிறேன். தொடைகளில் உள்ள கொழுப்பையும் அன்றே உறிஞ்சி எடுத்துவிடலாம், மாலையே வீடு திரும்பலாம் என்கிறார்கள். நான் கருத்தடை மாத்திரையும், எடை குறைவதற்காக வாரம் ஒரு முறை செமாக்ளூடைட் ஊசியும் எடுத்துக்கொள்கிறேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு இவற்றையெல்லாம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும் மயக்க மருந்தும் கத்தியும் ரத்த இழப்பும் உடலுக்கு ஒன்றுதான். ஆனால், குடல்வால் வெடித்து வருபவருக்கு இல்லாத அவகாசம் உங்களுக்கு இருக்கிறது. அந்த அவகாசத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், கால் நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட நேரம் அசையாமல் படுத்திருக்க நேரும் வயிற்று அறுவை சிகிச்சையும் அதே ஆபத்தைக் கொண்டது. இரண்டும் சேரும்போது உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எப்போது நிறுத்துவது, நிறுத்திய பிறகு கருத்தடைக்கு என்ன மாற்று என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் ரத்தம் உறைந்திருந்தாலோ மயக்க மருந்தால் கடுமையான சிக்கல் ஏற்பட்டிருந்தாலோ அதையும் மறைக்காதீர்கள்.

அந்த ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் தனியாகவே சொல்லுங்கள். பொதுவாக, சிகிச்சைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து திட உணவையும் 2 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஆனால் இவ்வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், அவ்வளவு நேரம் பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கியிருக்கக்கூடும். மயக்கத்தில் அது மேலெழும்பி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. மேலும், எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தால், இப்போது இறுக்கித் தைத்த தோல் பின்னர் மறுபடியும் தளரும். எடை சில மாதங்களாவது ஒரே அளவில் நின்ற பிறகு செய்துகொள்வதே நல்லது.

இரண்டு சிகிச்சைகளையும் ஒரே நாளில் செய்யவே கூடாது என்பதில்லை. ஆனால் மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள ஆபத்தும் வளர்கிறது. உறிஞ்சி எடுப்பது மொத்தம் 5 லிட்டரைத் தாண்டுமானால், இரவு முழுவதும் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். ஆகவே எத்தனை மணி நேரம் ஆகும், மயக்க மருந்து தருபவர் யார், அவர் கடைசிவரை உடனிருப்பாரா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைக்கு எங்கே கொண்டுசெல்வார்கள் என்றெல்லாம் தயங்காமல் கேளுங்கள். மழுப்பலான பதில் வரும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: 55 வயதான நான் முகச் சுருக்கங்களை நீக்கும் அறுவை சிகிச்சைக்குத் தயாராகி வருகிறேன். சிகரெட்டை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மாறியிருக்கிறேன். இதயத்துக்காக ஆஸ்பிரினும், சத்துக்காக மீன் எண்ணெய், பூண்டு மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். இது போதுமான முன்னேற்பாடா?

பதில்: சிகரெட்டை விட்டதற்கு என் மனமார்ந்த பாராட்டு, ஆனால் மின்சிகரெட்டிலும் பெரும்பாலும் நிகோடின் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் தோலை அடியிலிருந்து பிரித்து இழுத்துத் தைக்கிறார்கள். பிரிக்கப்பட்ட தோலுக்கு ரத்தம் அது இன்னும் ஒட்டியிருக்கும் பக்கத்தில் உள்ள நுண்ணிய நாளங்கள் வழியாக மட்டுமே வர முடியும். அவற்றை நிகோடின் சுருக்கிவிட்டால் காயத்தின் விளிம்பு கறுத்து அழுகி, நீங்கள் நீக்க நினைத்த சுருக்கத்தைவிடப் பெரிய தழும்பு முகத்தில் நிலைத்துவிடும். ஆகவே முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் நிகோடின் எந்த வடிவிலும் வேண்டாம். நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் இதில் அடங்கும். விட முடியவில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மீன் எண்ணெயும் பூண்டு மாத்திரையும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், பொதுவாக 2 வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும், ஆனால் அதை அப்படி நிறுத்திவிட முடியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் அதைத் தானாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். உங்கள் இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசித்தான் அதை முடிவு செய்ய வேண்டும். நிறுத்தக் கூடாது என்று இதய மருத்துவர் சொன்னால், இந்தச் சிகிச்சையைக் கைவிடுவதைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் இருவருக்குமே, வீடு திரும்பிய பிறகு முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று புடைத்து இறுகினாலோ, தொலைபேசியில் யாரையும் கேட்டுக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.