இரட்சிப்பு போகாது, சரி; செய்த பாவம் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு இரட்சிப்பின் நிச்சயம் உண்டு. தங்கை பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த 5 பவுன் செயினை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன், திருப்ப முடியாமல் நகை மூழ்கிவிட்டது. லாக்கரில் இருப்பதாகத்தான் இன்றும் சொல்லிவருகிறேன். ஆண்டவரிடம் அழுது அறிக்கையிட்டுவிட்டேன். இதோடு முடிந்ததா?

பதில்: சகோதரரே, நரகத்துக்குப் போவேனோ என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்றால், கிறிஸ்துவுக்குள் இருப்பவருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை, ரோமர் 8:1 தெளிவாகவே சொல்கிறது. இரட்சிப்பை இழந்துவிடலாம் என்று போதிக்கும் சபைகளும் இருக்கின்றன. என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐ வாசித்துவிட்டு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆக்கினை இல்லை என்பதை, பாவத்துக்கு விளைவே இல்லை என்று விசுவாசிகள் எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

தாவீது ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்சேபாளோடு பாவம் செய்து, அதை மறைக்க அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னதும் பாவத்தை ஒத்துக்கொள்கிறார், மன்னிப்பும் அதே வசனத்தில் (2 சாமுவேல் 12:13) கிடைத்துவிடுகிறது. ஆனால் பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் சொல்லியிருந்தாரே, அதைக் கர்த்தர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை இறந்தது, மகன் அம்னோன் மகள் தாமாரைக் கெடுத்தான், இன்னொரு மகன் அப்சலோம் அம்னோனைக் கொன்றான், அப்புறம் அப்பாவின் சிங்காசனத்துக்கே வந்தான், தாவீது தலையை மூடி வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறினார். இத்தனையும் மன்னிக்கப்பட்ட மனுஷனுக்கு நடந்தது.

உங்களுக்கு வரும் வியாதி, நஷ்டம் எல்லாமே அந்தச் செயினால் வந்தது என்று கணக்குப் போடாதீர்கள், பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களை யோவான் 9-ல் இயேசுவே திருத்தினார். தகப்பனாகச் சிட்சிக்கிறார் என்பது உண்மை (எபிரெயர் 12:6), எப்படி என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். ஒரு விளைவு மட்டும் மறைக்கிற விசுவாசிகள் எல்லோருக்கும் நிச்சயம்: பாவத்தை அடக்கிவைத்த நாட்களில் எலும்புகள் உலர்ந்துபோயின என்று சங்கீதம் 32-ல் தாவீது சொல்வது. ஜெபிக்க உட்கார்ந்தால் தங்கை முகம் வருகிறதா? அதுதான். அப்படி எதுவுமே உறுத்தாமல் வருஷக்கணக்கில் பொய் சொல்ல முடிகிறவர், தன் நிச்சயம் நிஜமானதா என்று 2 கொரிந்தியர் 13:5 சொல்கிறபடி சோதித்துப் பார்க்கட்டும்.

இப்போது செயின். நம்பிக் கொடுத்த பொருளை இல்லையென்று சொன்னவனைப் பற்றியே லேவியராகமம் 6 பேசுகிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியும் கொண்டுவர வேண்டும். உங்கள் கணக்கில் 6 பவுன். நாம் மோசேயின் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லைதான், ஆனால் கிருபை கிடைத்த வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றானே.

பணம் சேரட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே நேரில் போய், அடகு வைத்ததையும் இத்தனை நாள் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்லுங்கள், மாதம் எவ்வளவு தர முடியும் என்பதை எழுதிக் கொடுங்கள். தங்கை கத்தலாம், மச்சான் வீட்டுப் பக்கமே வராதே என்று சொல்லலாம், மறுபடி உங்களை நம்ப வருஷங்கள் ஆகலாம். அப்போது "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ மன்னிக்கக் கூடாதா" என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.