செயற்கை இதய வால்வு பழுதானால், மறுபடி நெஞ்சைத் திறக்காமல் சரிசெய்ய முடியுமா?

அம்மாவுக்கு வைத்த வால்வு பழுதாகிவிட்டது, இரண்டாம் முறை அறுவை என்றால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டின் இதய மேலுறையிலோ பன்றி வால்விலோ செய்த திசு வால்வு என்றால் வழி உண்டு: அதற்குள்ளேயே புது வால்வைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் விரித்துவிடலாம். உலோக வால்வுக்கு இது பொருந்தாது.

நான் மருத்துவன் அல்ல, மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்ப்பவன். பட்டதைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) மாற்றித் திசு வால்வு வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐப்பசியில் இருமல் வந்தது. மழைச்சளி என்று ஆவி பிடித்தோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம் அது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. தஞ்சாவூருக்கு ஓடினோம். வால்வின் இதழ் கிழிந்திருப்பது எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது. செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். சிறுநீரகமும் தளர்ந்திருந்ததால் நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்றார்கள்.

மருத்துவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்த கம்பெனி வால்வு? என்ன அளவு?" வால்வில் 27 என்று போட்டிருந்தாலும் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். புது வால்வின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டா, சிட்டாவோடு தகரப் பெட்டியில் அப்பா வைத்திருந்த, வால்வின் பெயரும் அளவும் போட்ட வால்வு அட்டையைத் தம்பி படமெடுத்து அனுப்பினான். இரவோடிரவாக ஆம்புலன்ஸில் சென்னை. தொடையிலுள்ள சிரை வழியாகக் குழாயை ஏற்றி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, பழைய வால்வுக்குள் பலூனால் புதியதை விரித்தார்கள். மூன்றாம் நாள் அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இது சோதனை முறை என்று சித்தப்பா தடுத்தார். குழாய் வழியாக முதல் பெருந்தமனி வால்வை 2002-இலேயே பிரான்சில் அலென் கிரிபியே என்ற இதய மருத்துவர் வைத்துவிட்டார். அதுவும் அறுவைக்குத் தகுதியில்லை என்று கைவிடப்பட்டவருக்கு. எழுபது வயதுக்கு இவ்வளவு செலவா என்று இங்கே கேட்க வருபவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மூன்று மா நிலத்தை ஒத்திக்கு வைத்தேன். என் அம்மா, என் நிலம்.

நெல் நேரத்துக்கு விற்றிருந்தால் அந்த ஒத்தியும் தேவைப்பட்டிருக்காது. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது நாள் குவிந்து கிடந்தது. சாக்கு இல்லை என்றார்கள். மழையில் நனைந்த பிறகு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். நெல் முளைவிட்ட அன்றுதான் அம்மாவுக்கு நுரை தள்ளியது. இதை எங்கே போய்ச் சொல்வது?

நீங்கள் இன்றைக்கே அந்த அட்டையைத் தேடுங்கள். இல்லையென்றால் அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் உள்நோயாளி எண்ணைச் சொல்லி அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். வால்வின் பெயரும் அளவும் அதில் இருக்கும்.