ஆம்பளப் பையன் பூ கட்டினா என்னவாம்?

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையனுக்கு நாலு வயசு, எல்கேஜி. ஆன்லைன்ல 1,900 ரூபா குடுத்து மரமணி செட் ஒண்ணு வாங்கியிருக்காங்க, கட்டையில நட்ட குச்சி, கலர் கலரா மணி, எந்த வரிசையில மாட்டணும்னு படம் போட்ட அட்டை. அட்டையில சிவப்பு நீலம் சிவப்பு நீலம்னு இருந்தா இவன் கலரையே பாக்காம ரெண்டு பெருசு ஒரு சின்னது, ரெண்டு பெருசு ஒரு சின்னதுன்னு மாட்டறானாம், உருவிட்டு சரியா காட்டினா மணியை விசிறி அடிக்கிறானாம், எதிர் வீட்டுப் பொண்ணு எல்லா அட்டையும் முடிச்சிட்டாளாம், இவனுக்கு மூளை மந்தமா, தெரபிக்கு கூட்டிட்டுப் போகணுமான்னு கேள்வி. நடுவுல போற போக்குல ஒரு வரி: "எங்க அத்தை சாயங்காலம் சாமிக்கு பூ கட்டறப்ப மட்டும் அசையாம பக்கத்துல உக்காந்து பூ எடுத்துக் குடுப்பான், ஆம்பளப் பையன் பூ கட்டறான்னு கொழுந்தனார் கேலி பண்றதால இப்ப எழுப்பி விட்டுர்றோம், அந்த நேரத்துக்குத்தான் இந்த டாய் வாங்கினோம்."

ஏம்மா, இந்த வரியை எழுதினப்புறமும் உங்களுக்கு எதுவும் உறைக்கலையா?

உங்க அத்தை எப்படிப் பூ கட்டறாங்கன்னு இன்னிக்கு சாயங்காலம் போய் நின்னு பாருங்க. கதம்பம் கட்டறவங்களா இருந்தா ரெண்டு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம், மறுபடி ரெண்டு கண்ணி மல்லின்னுதான் போய்ட்டு இருக்கும். உங்க பையன் அந்த ரெண்டுக்கு ஒண்ணு கணக்கை அப்படியே தூக்கிட்டு வந்து மணியில போட்டிருக்கான், கலருக்குப் பதிலா சைஸை எடுத்துக்கிட்டான், அவ்வளவுதான். ஒரு வரிசையைப் பாத்து அப்படியே அடுக்கறது நாலு வயசுல நிறைய பிள்ளைங்க செய்யும், ஆனா ஒரு இடத்துல பாத்த முறையை வேற பொருள்ல போட்டுப் பாக்கறதுக்கு அந்த முறையே மண்டையில ஏறியிருக்கணும், அது இதைவிட கஷ்டம். நீங்க என்னடான்னா அதை உருவிப் போட்டுட்டு தப்புங்கறீங்க. நானா இருந்தாலும் விசிறித்தான் அடிப்பேன்.

அந்த டாய் எதுக்குன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க? இனம் பிரிக்கணும், விரல் நுனியால பிடிக்கப் பழகணும், ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்யணும், அடுத்தது என்ன வரும்னு யோசிக்கணும். இது அத்தனையும் அவன் பாட்டி பக்கத்துல முறத்துல கொட்டின பூவுல செஞ்சுட்டுதான் இருந்தான், மொட்டு ஒரு பக்கம், மலர்ந்தது ஒரு பக்கம், காம்பு ஒடிஞ்சது கழிவு. அதுவும் பேச்சுத் துணையோட. அங்க இருந்து எழுப்பி, அதே வேலையை மரத்துல செஞ்ச சாமானை முன்னாடி வச்சு, போனைப் பிடிச்சுட்டு நீங்க எதிர்ல உக்காந்தா அவனுக்கு அது விளையாட்டா தெரியுமா, பரீட்சையா தெரியுமா? (போன் விஷயம் நானா சேர்த்தது, இல்லைன்னா சொல்லுங்க பாப்போம்.)

இப்ப அந்த கொழுந்தனார். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நந்தவனம் வச்சு பெருமாளுக்கு மாலை கட்டினவர், அவர் ஆம்பளைதானே? கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைக்குப் போய்ப் பாக்கச் சொல்லுங்க, அங்க கட்டற மாணிக்கமாலைக்கு புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க, அரளியையும் நொச்சி இலையையும் மடிச்சு மடிச்சு சிவப்பு வெள்ளை பச்சைன்னு பாய் பின்னின மாதிரி வரும், அதை ஆம்பளைங்களும் உக்காந்துதான் கட்டறாங்க. கோயில்ல பூக்கட்டற பண்டாரம் யாரு? இவர் கல்யாணத்துக்கு கழுத்துல போட்ட மாலையை யாரு கட்டினதுன்னு ஒரு தடவை யோசிச்சா கேலி வராது.

ஆனா என் கோவம் அவர் மேல கம்மிதான், உங்க மேலயும் உங்க வீட்டுக்காரர் மேலயும்தான் ஜாஸ்தி. யாரோ சிரிச்சாங்கன்னு பேரனை பாட்டி பக்கத்துல இருந்து எழுப்பியிருக்கீங்க. வயசான காலத்துல அந்த அம்மாவுக்கு சாயங்காலம் கிடைச்ச துணை அது, அவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு கடுதாசியில ஒரு வார்த்தை இல்ல. வீட்டுல பெரியவங்க இருக்கறதே பிள்ளை கத்துக்கறதுக்கும்தான்னு நம்பறவ நான், பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் பரவால்ல.

மணியைத் தூக்கிப் போட வேண்டாம், காசு குடுத்து வாங்கியாச்சு. அட்டையை மட்டும் பீரோவுல வைங்க. அவன் ஒரு வரிசை போட்டா அதுக்குப் பக்கத்துல நீங்க அதே மாதிரி போடுங்க, வேணும்னே ஒரு இடத்துல தப்பா மாட்டுங்க, அவன் பிடிக்கிறானான்னு பாருங்க, அதுல தெரிஞ்சிடும் உங்க மந்தக் கணக்கு. சிவப்பையும் பச்சையையும் மாத்தி மாத்தி எடுத்தா மட்டும் கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்த நிறக்குறை ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம், அம்மா வழியா வர்றது. மல்லி கனகாம்பரம் பிரிக்கிறானேன்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது, வெள்ளையும் ஆரஞ்சும் யாருக்கும் குழம்பாது.

தவழற குட்டிப் பாப்பா வேற வீட்டுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள்ள போற அளவு மணி மூணு வயசுக்குள்ள இருக்கற பிள்ளை கைக்கு எட்டவே கூடாது, தொண்டையில அடைச்சுக்கும். 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பெட்டியைத் திருப்பிப் பாருங்க. விளையாடி முடிச்சதும் எண்ணி டப்பாவுல போடச் சொல்லுங்க, அது அவன் வேலை.

நாளைக்கு பூ வாங்க உங்க வீட்டுக்காரர் போகட்டும். பையனையும் கூட்டிட்டுப் போகட்டும். வந்து முறத்தை அத்தை முன்னாடி வச்சு, கேலி பண்ணின தம்பி இருக்கும்போதே அவரும் உக்காந்து நாலு கண்ணி கட்டட்டும், கட்டத் தெரியலைன்னா பையன்கிட்ட கேக்கட்டும்.