கைப்பேசியோடு தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 13 முதல் 16 வயது வரையுள்ள பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். சுற்றுச்சூழலைப் பற்றிக் கைப்பேசியில் ஒரு குறும்படம் எடுத்து வரும்படி சொன்னேன். பெரும்பாலோர் இணையத்தில் கிடைத்த பனிக்கரடிப் படங்களையும் காட்டுத்தீப் படங்களையும் ஒட்டி, சோகமான இசையைச் சேர்த்து, "இயற்கையைக் காப்போம்" என்று முடித்திருந்தார்கள். அவர்களுடைய சொந்தப் படைப்பாக அமைய நான் என்ன செய்ய வேண்டும்? – தமிழாசிரியை, ரோஸ் ஹில்

பதில்: பிள்ளைகள்மீது குறை இல்லை, அம்மா. "சுற்றுச்சூழல்" என்று தலைப்புக் கொடுத்தால் பெரியவர்களும் உலகப் படத்தைத்தான் விரிப்பார்கள். தலைப்பைச் சுருக்கிவிடுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஓர் இடம், அந்த இடத்தில் ஓர் உயிர். ஒரு பிள்ளைக்கு அது போதும். முதல் நாள் கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அந்தக் குறிப்பிலிருந்துதான் படம் பிறக்க வேண்டும்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கொல்லையில் இருந்த வாழையைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று நாள் காலையில் காத்திருந்த பிறகு, பச்சைப் பல்லி ஒன்று தலைகீழாக இறங்கி வந்து, வாழைப்பூ மடலின் ஓரத்தில் நின்ற தேன்துளியை நாவால் தொட்டு நக்கியது. அடுத்த நொடியே அதே நாவால் இமையில்லாத தன் கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டது. பன்னிரண்டு நொடிக் காட்சிதான். ஆனால், அதைப் பார்த்த வகுப்பு முழுவதும் "இன்னொரு முறை போடுங்கள்" என்று கேட்டது. எந்த முழக்கமும் அந்தப் பிள்ளைகளை அப்படி நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். படத்துக்கான விளக்க உரையில் அவள் "நம் தீவுக்கே உரிய பகல் பல்லி" என்று எழுதியிருந்தாள். படத்தை நிறுத்தி உடலமைப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதுகில் சிவப்புத் திட்டுகளுடன் ஒரு சாண் நீளத்துக்கும் மேல் இருந்த அது மடகாஸ்கரிலிருந்து வந்து பரவிய பெரிய பகல் பல்லி என்று தெரிந்தது. அது நம் சிறிய பல்லிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு அவற்றைத் தின்னவும் செய்கிறது. நீல வால் கொண்ட நம் சிறிய பல்லியோ, மொரீஷியஸில் மட்டுமே வளரும் ரூசியா என்னும் மலைச்செடிக்கு மகரந்தம் கடத்துவது. அதன் விதைகளைப் பரப்புவதும் அதுவே. அந்த மாணவி எடுத்ததை அழித்துவிடாமல், "நான் தவறாக நினைத்திருந்தேன்" என்ற வாக்கியத்தோடு உரையைப் புதிதாகத் தொடங்கி, இரண்டு பல்லிகளின் கதையாகப் படத்தை மாற்றினாள். பெயரை உறுதி செய்யாமல் ஒரு வரிகூடப் பதிவு செய்யக் கூடாது என்ற விதியை அன்றுமுதல் என் வகுப்பில் வைத்திருக்கிறேன்.

படப்பிடிப்பு நுட்பத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் பத்து எண்ணும் வரை எடுக்கச் சொல்லுங்கள். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்காமல், மெல்ல அடியெடுத்து அருகில் போகட்டும். ஒலிக்குத்தான் உண்மையான பாடு உண்டு. நம் தென்கிழக்குக் காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்தால் பேச்சு முழுவதும் இரைச்சலில் மூழ்கிவிடும்; ஆகவே உரையை வீட்டு அறைக்குள் தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்ப்பதே நல்லது. இடத்தின் இயல்பான ஒலியை மட்டும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிந்து வந்தால், சோக இசைக்குத் தேவையே இருக்காது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் வியக்கும்போதும் பயப்படும்போதும் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுகிறார்கள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சொன்னதை அப்படியே விட்டுவைத்து, விளக்க உரையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கரையோரத்தில் நிற்கும் "மாங்லியே" என்ற மரத்துக்குத் தமிழில் "கண்டல்" என்று பெயர் இருப்பதைத் தன் படத்துக்காகத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறப்பதில்லை.

கேள்வி: 2020-இல் எங்கள் கடலில் எண்ணெய் கலந்தபோது என் மகளுக்குப் பத்து வயது. இப்போது அதைப் பற்றி ஒரு படம் எடுக்க விரும்புகிறாள். இணையத்தில் கிடக்கும் படங்களைப் பயன்படுத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தாய், மாஹேபூர்

பதில்: உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். உங்கள் பழைய கைப்பேசியிலும் அண்டை அயலாரின் கைப்பேசிகளிலும் இருக்கும் படங்கள், இணையத்தில் எடுப்பவற்றைவிட மதிப்பு மிக்கவை. எடுத்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் விரும்பினால் பெயரையும் படத்தில் காட்டலாம். பிறர் படத்தைக் கேட்காமல் எடுத்துவிட்டு அடியில் நன்றி போடுவது அனுமதி ஆகாது.

அடிப்படைச் செய்திகளை அவள் சரியாகச் சொல்ல வேண்டும். வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் 2020 ஜூலை 25 அன்று நம் தென்கிழக்குக் கரையிலுள்ள புவாந்த் தெனிக்கு அருகே பவளப்பாறையில் தரைதட்டியது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. அந்த இடைப்பட்ட நாள்களில் கரையில் நின்ற மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இன்னும் யாரும் போதுமான அளவு கேட்டு வைக்கவில்லை என்பது என் எண்ணம். பிறகு துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்து, தைத்து, காலிப் பிளாஸ்டிக் போத்தல்களை மிதவையாகக் கட்டி, எண்ணெயைத் தடுக்கும் வேலியை நீர்முனையில் செய்தார்கள் அல்லவா? அதைத் தைத்த கைகளை அவள் படம்பிடிக்கட்டும். ஒரு பாட்டி இன்று ஒரு பையில் சோகையைத் திணித்து, எப்படித் தைத்தோம் என்று செய்து காட்டினால், அந்த ஒரு காட்சியே படத்தின் உயிர் ஆகிவிடும். பேட்டிக்கு முன், எதற்காகப் பதிவு செய்கிறாள், யார் பார்ப்பார்கள் என்பதை விளக்கி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அவர்களுக்குத் தர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அந்த ஆகஸ்ட் இறுதியில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த கடல்விலங்குகள் பல இறந்து கரையொதுங்கின. அவற்றின் சாவுக்கான காரணத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. "நான் பார்த்தது இது, மக்கள் சொன்னது இது" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் அவள் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள். தெரியாத காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட்டால், உண்மையாகச் சொன்னதையும் சந்தேகிப்பார்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. மலைப்பாறை இடுக்கில் மொரீஷியஸ் வல்லூறு இரை கொண்டுபோவதைத் தொலைவிலிருந்து படமெடுத்தேன். கூடு இருக்கும் என்று நினைக்கிறேன். இடத்தைக் குறிப்பிட்டுப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்களே? – மாணவர், காத்ர் போர்ன்

பதில்: படத்தைப் போடுங்கள், தம்பி, இடத்தைப் போடாதீர்கள். 1974-இல் காட்டில் இந்தப் பறவைகள் நான்கு மட்டுமே இருப்பதாக அறியப்பட்டது. அந்த நிலையிலிருந்து பல ஆண்டு உழைப்பால் மீட்டெடுக்கப்பட்ட இனம் இது. பத்துப் பேர் அந்தப் பாறைக்குக் கீழே போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கும். குஞ்சுகள் பட்டினி கிடக்கும். உங்கள் கைப்பேசி ஒவ்வொரு படத்தோடும் எடுத்த இடத்தையும் சேர்த்தே பதிந்து வைக்கக்கூடும் என்பதால், கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். பின்னணியில் எளிதாக அடையாளம் காணக்கூடிய சிகரம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிந்து வைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் பதிவு செய்தால், இருப்பிடத்தை மறைக்கும் வசதி உண்டு. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை அருகே வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம். தலைப்பில் "நம் மலைகளில் ஒரு காலை" என்று எழுதினால் போதும்.